சுவர் இருந்தால்தான் சித்திரம்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பெரியோர் வாக்கு. உடம்பைப் பேணச் சொல்லும்போது இதை எடுத்துக்காட்டுவார்கள். நான் இங்கே அப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். சித்திரம் எழுதுகிறவனுக்குச் சுவர் வேண்டும். சுவர் நிற்க நிலம் வேண்டும். அந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தீர்மானிப்பவர் யார்? நகரத்தின் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு வண்ணம், கடைக்கு ஒரு வண்ணம், ஆலைக்கு ஒரு வண்ணம் என்று தீட்டுகிற திட்ட அலுவலகம்தான். ஓவியனின் தூரிகையைக் காட்டிலும் அந்த அலுவலகத்தின் தூரிகைக்கு வலிமை அதிகம். அதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஸ்டூடியோ என்றவுடன் நமக்குப் போட்டோ ஸ்டூடியோவும் சினிமா ஸ்டூடியோவும்தான் நினைவுக்கு வருகின்றன. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. ஸ்டூடியோவின் பெயர் பக்கத்திலுள்ள மேம்பாலத்தைப் பற்றிக்கொண்டு எப்படியோ உயிர் வாழ்கிறது. வடபழனியில் விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் எழுந்துவிட்டன. பணம் புரண்ட திரைப்படத் தொழிலுக்கே இந்தக் கதி என்றால், தனியாக அமர்ந்து படம் எழுதுகிறவர், சிலை வார்க்கிறவர், பொம்மை செய்கிறவர் ஆகியோரின் பட்டறைக்கு என்ன கதி?

பட்டறை ஏன் வீடாகாது?

கலைஞனுக்குத் தனி இடம் எதற்கு, வீட்டுத் திண்ணை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேதியியல் மாணவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்ல முடியும்.

எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதை நாள் முழுதும் சுவாசிப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். துத்தநாகத் தகட்டில் கோடு கீறி, நைட்ரிக் அமிலத்தால் அரிக்கச் செய்து அச்செடுப்பது ஒரு கலை. அந்த அமிலத்திலிருந்து கிளம்பும் பழுப்பு வாயுவை நாம் ஆய்வகத்தில் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே கையாளுகிறோம். அச்சோவியருக்கு அந்தப் பெட்டியை யார் கொடுத்தார்கள்? சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அந்த உலோகக் குழம்பின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டியது. மாமல்லபுரத்தில் கருங்கல்லைச் செதுக்கும்போது ஓசையும் எழுகிறது, தூளும் பறக்கிறது. அத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது.

ஆகவே பட்டறைக்கு உயர்ந்த கூரை வேண்டும். பாரம் தாங்கும் தரை வேண்டும். வெளிச்சமும் காற்றும் வேண்டும். ஓசை எழுப்ப உரிமையும் வேண்டும். இவற்றைக் குடியிருப்பு மண்டலத்தில் வைத்தால் அண்டை வீட்டார் புகார் எழுதுவார்கள். தொழில் மண்டலத்தில் வைக்கலாம் என்றால் அது ஊருக்கு வெளியே, பெரிய ஆலைகளுக்காக ஒதுக்கியது. வணிக மண்டலத்திலோ துணிக்கடைக்காரர் கொடுக்கும் முன்பணத்தோடு ஓவியர் போட்டி போட முடியாது. மூன்று வீட்டுக்கும் உறவினன், ஒரு வீட்டிலும் இலை போடுவார் இல்லை என்பது போன்ற நிலை இது.

நியூயார்க் கற்பித்த பாடம்

இந்தச் சிக்கலை உலகில் முதலில் சட்டத்தின் மூலம் தீர்க்கப் பார்த்த ஊர்களுள் நியூயார்க் ஒன்று. அங்கே மன்ஹாட்டனில் ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள வட்டாரத்தைச் சோஹோ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு முகப்புகளோடு கட்டப்பட்ட கிடங்குகளும் சிறு ஆலைகளும் நிறைந்த பகுதி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. காலியான மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் குடிபுகுந்தனர். அகன்ற தளம், உயர்ந்த கூரை, பெரிய சன்னல், சரக்கு ஏற்றும் மின்தூக்கி, குறைந்த வாடகை ஆகிய அனைத்தும் அங்கே கிடைத்தன. ஒரே ஒரு குறை: அது ஆலைகளுக்கான மண்டலம், அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். கலைஞர்கள் திருட்டுத்தனமாகத்தான் வாழ்ந்தார்கள்.

1961இல் கலைஞர்கள் சங்கமாகத் திரண்டு நகர நிர்வாகத்தோடு பேசினார்கள். அதன் பயனாகக் கட்டட வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று எழுதிய சிறு பலகையை மாட்டும் வழக்கம் வந்தது. நமக்கு ஏ.ஐ.ஆர். என்றால் வானொலி நிலையம். அங்கே அதற்கு 'இங்கே கலைஞர் குடியிருக்கிறார்' என்று பொருள். தீ விபத்து நேர்ந்தால் எந்த மாடியில் ஆள் இருக்கிறது என்று தீயணைப்பு வீரர் அறிவதற்காக அந்த ஏற்பாடு. இதற்கிடையே அந்த வட்டாரத்தின் குறுக்கே பெரிய விரைவுச்சாலை ஒன்றை அமைக்க இராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டம் தீட்டியிருந்தார். மக்கள் எதிர்ப்பினால் அத்திட்டம் 1969இல் கைவிடப்பட்டது. 1971இல் மண்டல விதிகள் திருத்தப்பட்டன. நகரத்தின் பண்பாட்டுத் துறையிடம் சான்று பெற்ற கலைஞர் சோஹோவில் வேலையும் செய்யலாம், குடியும் இருக்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. 1973இல் அவ்வட்டாரக் கட்டடங்கள் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்களை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1982இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது.

இவ்வளவும் படிக்கும்போது கலைஞர்கள் வென்றுவிட்டார்கள் என்றே தோன்றும். ஆயின் பின்னர் நடந்தது என்ன? கலைஞர் இருந்ததால் அவ்வட்டாரத்திற்கு ஒரு கவர்ச்சி வந்தது. ஓவியக் காட்சிக்கூடங்கள் வந்தன. காட்சிக்கூடத்தைத் தேடிப் பணக்காரர் வந்தார்கள். அவர்களைத் தேடிக் கடைகள் வந்தன. 1968இல் சோஹோவில் முன்னோடியாகக் காட்சிக்கூடம் திறந்தவர் பாலா கூப்பர் என்ற அம்மையார். அவரது கூடமே 1996இல் செல்சி என்ற வேறு பகுதிக்கு இடம் மாறிவிட்டது. கக்கன்ஹைம் அருங்காட்சியகம் 1992இல் அங்கே தன் கிளையைத் திறந்தது. அதே கட்டடத்தில் 2001இல் விலையுயர்ந்த கைப்பைகள் விற்கும் பிராடா கடை வந்து அமர்ந்தது. ஓவியம் தொங்கிய இடத்தில் கைப்பை தொங்கியது! கலைஞருக்கு மட்டுமே குடியுரிமை என்ற 1971ஆம் ஆண்டு விதி ஏட்டில் இருந்தது. சான்றே இல்லாதவர்கள் மாடிகளை வாங்கிக் குடியேறினார்கள். கடைசியில் 2021 டிசம்பரில் நகர மன்றம் மண்டல விதிகளை மறுபடி திருத்தியது. கலைஞருக்கென்று இருந்த இடத்தைப் பொதுக் குடியிருப்பாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவர், சதுர அடிக்கு 100 டாலர் வீதம் கலை நிதிக்குச் செலுத்திவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அத்திருத்தம் வழி வகுத்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொள்ளும் பாடம் இதுதான். அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு. நியூயார்க் கலைஞனுக்கு அனுமதி கொடுத்தது. நிலத்தின் விலையை மட்டும் சந்தையிடம் விட்டுவிட்டது. விலை ஏறியதும் அனுமதிச் சீட்டு வெறும் காகிதமாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு: சட்டம் ஆளுக்குச் சான்று கொடுத்ததே அன்றி இடத்துக்குக் காப்புக் கொடுக்கவில்லை. யார் கலைஞர் என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிப்பதை எண்ணிப் பாருங்கள். அத்தகைய குழு நம் ஊரில் அமைந்தால், கல்லூரியில் படித்துப் பட்டயம் பெற்ற ஓவியருக்குச் சான்று கிடைக்கும். தந்தையிடம் தொழில் கற்ற பொம்மைக்காரருக்குக் கிடைக்குமா?

டில்லியில் நடந்தது

நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் ஷாதிபூர் பகுதியில் கட்புத்லி காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. கட்புத்லி என்றால் மரப்பாவை. இராஜஸ்தானத்திலிருந்து வந்த பாவைக்கூத்தாடிகளும், செப்படி வித்தைக்காரர்களும், கழைக்கூத்தாடிகளும், தோல் கருவி வாசிப்பவர்களும் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தனர். அயல்நாட்டு விழாக்களுக்குச் சென்று இந்தியாவின் பெயரை விளங்கச் செய்தவர்கள் அவர்களுள் பலர். ஊர் அவர்களைக் கலைஞர் என்றது. நகர வரைபடம் அவர்களைக் குடிசைவாசிகள் என்றது.

2009இல் டில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, அந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டி அவர்களுக்கு வீடு தருவதாகவும், எஞ்சிய நிலத்தில் வணிக நோக்கிலான கட்டடங்கள் எழுப்புவதாகவும் திட்டமிட்டது. 2017 அக்டோபரில் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. வீடு தருவது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த மக்கள் எழுப்பிய கேள்வி வேறு. நீண்ட மூங்கில் கழிகளை அடுக்குமாடியில் எங்கே சாத்துவது? ஆள் உயரப் பாவைகளை எங்கே வைப்பது? பிள்ளைகளுக்குக் கயிற்றின்மேல் நடக்க எந்த முற்றத்தில் கற்றுக்கொடுப்பது? இரவில் மேளம் பழகினால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பாரா?

திட்டம் தீட்டியவர்களுக்கு அவர்கள் தூங்கும் இடம் மட்டுமே தெரிந்தது. அவர்கள் வேலை செய்யும் இடம் தெரியவில்லை. இத்தகைய பார்வைக் குறைவு டில்லிக்கு மட்டும் உரியதன்று. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் கொலுப் பொம்மை செய்பவர்களுக்கு வீடும் பட்டறையும் வேறு வேறல்ல. களிமண் குழைக்கும் வாசல், பொம்மை காயும் வெயில், வண்ணம் தீட்டும் திண்ணை எல்லாம் சேர்ந்ததே அவர்கள் தொழில். அவர்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்துவிட்டு, நாங்கள் வாழவைத்தோம் என்று எந்த அரசும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஈஞ்சம்பாக்கம் காட்டிய வழி

இவ்விரண்டுக்கும் மாறான எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே இருப்பது நமக்குப் பெருமை. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடித்தபின் ஓவியத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதைக் கண்டு வருந்தினார். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. ஆகவே கலைஞர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, துணியில் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாட்டிக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அப்பணத்தைக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். அதுவே சோழமண்டலம் கலைஞர் கிராமம். எஸ்.ஜி. வாசுதேவ், ஹரிதாசன், சேனாதிபதி, நந்தகோபால் முதலியோர் அங்கே உருவானவர்கள். பொதுவான பட்டறை, பொதுவான காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு என்று தங்கள் கையாலேயே ஒவ்வொன்றாக அமைத்தார்கள். 2009இல் சென்னை ஓவிய இயக்கத்திற்கென்று ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

அன்று அந்த இடம் மணலும் சவுக்கும் நிறைந்த ஒதுக்குப்புறம். 2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று ஒரு மனை வாங்கச் சம்பளக்காரரால் முடியாது. இந்த வெள்ளத்தில் சோழமண்டலம் மட்டும் எப்படி நின்றது? நிலம் கலைஞர்களின் கையில் இருந்தது. அதுவும் தனியாள் வாடகைக்கு எடுத்த மாடியாக இல்லாமல், பலர் கூடி உண்டாக்கிய ஊராக இருந்தது. சோஹோவுக்குச் சட்டம் இருந்தது, நிலம் இல்லை. சோழமண்டலத்துக்குச் சட்டம் இல்லை, நிலம் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எது நின்றது என்பதைப் பார்த்தவர்க்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் சோழமண்டலத்தை நகல் எடுத்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 1966இல் பாட்டிக் துணி விற்ற பணத்தில் வாங்க முடிந்த நிலத்தை இன்று எந்தத் துணியை விற்று வாங்குவது? இன்றைய இளம் ஓவியருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அதனால்தான் அரசின் பங்கு தேவைப்படுகிறது.

ஒரு நியாயமான கேள்வி

"வீடே இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கும்போது ஓவியனுக்குப் பட்டறை கேட்கிறாயே, இது பணக்காரப் பேச்சல்லவா?" என்று கேட்பீர்கள். இது தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. நியூயார்க்கில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஆதரித்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள்: வசதி நிறைந்த வட்டாரத்தில் எளியவர்க்கும் வீடு வேண்டாமா என்றார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கலை என்பது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். ஆனால் நான் மேலே சொன்னவர்களை எண்ணிப் பாருங்கள். சுவாமிமலையில் உலை ஊதுகிறவர், விளாச்சேரியில் களிமண் குழைக்கிறவர், ஷாதிபூரில் பாவை ஆட்டியவர். இவர்களுள் யார் பணக்காரர்? பட்டறை பறிபோவதால் வயிறு காய்வது இவர்களுக்குத்தான். மீனவனுக்கு வலை உலர்த்தக் கடற்கரை வேண்டும் என்றால் அதைச் சலுகை என்று நாம் சொல்வதில்லை. நெசவாளிக்குப் பாவு நீட்டத் தெரு வேண்டும் என்றாலும் அப்படியே. கலைஞன் கேட்பதும் தொழில் செய்யும் இடம்தான்.

செய்யத் தக்கவை

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என்றெல்லாம் மண்டலங்கள் உள்ளன. கலைப் பட்டறைக்கென்று ஒரு மண்டலம் இல்லை. 2022இல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நேற்றுவரை கிராமமாக இருந்த எத்தனையோ ஊர்கள் இனி இந்த வரைபடத்துக்குள் வரும். அடுத்த முழுமைத் திட்டத்தில் அந்த ஊர்களின் பட்டறைகளுக்கு என்ன வண்ணம் பூசப்போகிறார்கள் என்பதே இன்றைய கேள்வி. இந்நிலையில் என் கருத்துகள் மூன்று.

முதலாவது, கலை மற்றும் கைவினைப் பட்டறை என்ற பயன்பாட்டை நகரத் திட்டம் பெயர் சொல்லி ஏற்க வேண்டும். ஓசைக்கு நேரம் வரையறுக்கட்டும். புகைக்கும் தீக்கும் பாதுகாப்பு விதி வகுக்கட்டும். அவற்றுக்கு உட்பட்டுக் கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் பட்டறை இயங்குவது உரிமையாக வேண்டும். அதிகாரியின் தயவாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, காப்பு ஆளுக்கு அன்றி இடத்துக்கு இருக்க வேண்டும். நீண்ட காலம் பட்டறையாக இருந்த இடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர், அதே அளவு இடத்தைத் தரைத்தளத்தில் பட்டறைக்கே ஒதுக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர் ஓவியரா, தச்சரா, நாகசுரம் கடைபவரா என்று எந்தக் குழுவும் ஆராய வேண்டியதில்லை. பட்டறையில் உழைப்பவர் எல்லாரும் அதற்கு உரியவர்.

மூன்றாவதும் தலையாயதும் நிலம். பயன்படாமல் கிடக்கும் அரசுக் கட்டடங்களையும் கிடங்குகளையும் கலைஞர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தரலாம். விற்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, பட்டறை தவிர வேறு எதுவும் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு தர வேண்டும். கூட்டுறவு நமக்குப் புதிதன்று. நெசவாளருக்காக 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நம்மிடையே உள்ளது. தறிக்குச் செய்ததை உளிக்கும் தூரிகைக்கும் செய்ய முடியும். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் கலைஞர்களுக்குப் பொதுப் பட்டறை உள்ளது. அத்தகையது மாவட்டத்துக்கு ஒன்றாவது இருந்தால் என்ன குறைந்துவிடும்?

நண்பர்களே, நகரத் திட்டம் என்பது பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் உரிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்ட வரைவு வெளியிடப்படும்போது பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் கருத்துகளையும் கேட்டாக வேண்டும். சென்னைக்கு மட்டும் அல்ல, மற்ற ஊர்களுக்கும் இது பொருந்தும். வரைவு வரும்போது அதில் நம் ஊரின் பட்டறைத் தெருக்கள் எந்த வண்ணத்தில் இருக்கின்றன என்று பார்ப்போம். உலைக்கும் உளிக்கும் நடுவே இருப்பவருக்கு அந்த அறிவிப்பைப் படிக்க நேரம் கிடைக்காது. படிக்கக் கற்ற நாம் படித்துச் சொல்லலாம். அவர்கள் பெயரால் ஒரு மனு எழுதலாம். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் விடுமுறையில் ஊரிலுள்ள பட்டறைகளைக் கணக்கெடுத்து, எங்கே, எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு பட்டியல் தயாரித்தால், அந்த மனுவுக்கு அதைவிட நல்ல இணைப்பு வேறில்லை. பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று வேண்டுகிறேன்.